ஆடுகிற வாஷிங் மெஷினும் 1869-ல் போட்ட ஒரு தப்புக் கணக்கும்

1937-ல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் வீடுகளுக்கான முதல் ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துணியைப் போட்டு டயலைத் திருப்பிவிட்டால் போதும். தானே தண்ணீர் பிடித்து, துவைத்து, அலசி, பிழிந்து தந்துவிடும். முன்பக்கம் வட்டக் கதவு. இன்றைய ஃப்ரண்ட் லோட் மெஷினுக்குத் தாத்தா என்று சொல்லலாம்.

ஆனால் அதை வாங்கினவங்க கூடவே ஒரு வேலையும் செய்யணும். தரையில் ஓட்டை போட்டு, போல்ட் அடித்து, மெஷினை இறுக்கிவிட வேண்டும். இல்லைன்னா பிழியும்போது மெஷின் இருந்த இடத்தைவிட்டு நடக்க ஆரம்பித்துவிடும்.

இன்றைக்கு நம் வீட்டு மெஷின் 1000, 1200, சிலது 1400 சுற்று வேகத்தில் பிழிகிறது. போல்ட் கிடையாது. டைல்ஸ் தரையில் நாலு காலில் சும்மா நிற்கிறது. பெரும்பாலான நாட்கள் ஒழுங்காகவும் இருக்கிறது. என்றைக்காவது ஒருநாள் மட்டும் "டம் டம்"னு இடித்து வீட்டையே கூட்டுகிறது.

நடுவில் என்ன மாறியது? "மெஷின் நல்லா கனமா, உறுதியா செய்ய ஆரம்பிச்சுட்டாங்க" என்பதுதான் முதலில் தோன்றும் பதில். தேடிப் பார்த்தால் நடந்தது கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிர். இறுக்கிப் பிடிப்பதை விட்டுவிட்டு, ஆட விட்டார்கள். இதைப் புரிந்துகொள்ள பொறியாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயிற்று. நடுவில் ஒரு பெரிய மனிதர் தப்பாகக் கணக்குப் போட்டார். ஒரு சர்க்கரை ஆலைக்காரர் அதற்கு முன்பே சரியாகச் செய்திருந்தார்.

முதலில் விசை எவ்வளவு?

டிரம்முக்குள் துணி எல்லாப் பக்கமும் சமமாகப் பரவவில்லை, ஒரு பக்கம் அரை கிலோ கூடுதலாக ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். நனைந்த ஒரு துண்டே அவ்வளவு எடை வரும். டிரம்மின் ஆரம் 25 செ.மீ. வேகம் நிமிஷத்துக்கு 1200 சுற்று.

பிளஸ் டூ இயற்பியல் சூத்திரம்தான்: நிறை × ஆரம் × கோண வேகத்தின் வர்க்கம். போட்டுப் பார்த்தால் சுமார் 1970 நியூட்டன் வருகிறது. அதாவது ஏறக்குறைய 200 கிலோ எடைக்குச் சமமான விசை. அது ஒரே பக்கமாக இழுப்பதும் இல்லை. சுற்றிச் சுற்றி, விநாடிக்கு 20 தடவை மேலே, பக்கவாட்டில், கீழே, மறுபக்கம் என்று இழுக்கிறது. மெஷினின் மொத்த எடையே 65, 70 கிலோதான். 200 கிலோ விசை மேல்நோக்கி இழுக்கும் ஒவ்வொரு முறையும் மெஷின் தரையைவிட்டு எழும்ப வேண்டும்.

வேகம் வர்க்கத்தில் வருவதைக் கவனியுங்கள். அதே அரை கிலோ 400 சுற்றில் வெறும் 22 கிலோ விசைதான் தரும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. துவைக்கும்போது சாதுவாக இருக்கும் மெஷின் பிழியும்போது மட்டும் பேயாடுவது இதனால்தான்.

ஆக, 200 கிலோ விசை உள்ளே இருக்கிறது. அதைத் தரைக்கு அனுப்பினால் பெண்டிக்ஸ் மாதிரி போல்ட் அடித்தே ஆக வேண்டும். அனுப்பாமல் இருக்க வழி உண்டா?

சர்க்கரை ஆலையில் கிடைத்த விடை

ஈரத் துணியைக் கூடையில் போட்டு வேகமாகச் சுற்றிப் பிழியும் இயந்திரம் வீட்டுக்கு வருவதற்கு நூறு வருஷம் முன்பே ஆலைகளுக்கு வந்துவிட்டது. 1830களில் பிரான்சில் துணி ஆலைகளுக்காக இப்படி ஒரு சுழல் பிழிவானைச் செய்தார்கள். இதே கூடைக்குக் கொஞ்ச நாளில் இன்னொரு வாடிக்கையாளர் கிடைத்தார்: சர்க்கரை ஆலை.

கரும்புச் சாற்றைக் காய்ச்சி ஆற வைத்தால் சர்க்கரைப் படிகமும், மொலாசஸ் என்கிற கழிவுப்பாகும் கலந்த ஒரு பிசின் மாதிரி கிடைக்கும். அதிலிருந்து பாகு தானாக வடிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஓட்டை போட்ட கூடையில் போட்டு வேகமாகச் சுற்றினால் சில நிமிஷத்தில் பாகு வெளியே தெறித்துவிடும், சர்க்கரை உள்ளே நிற்கும். 1850களின் தொடக்கத்தில் ஹவாயில் டேவிட் வெஸ்டன் என்ற பொறியாளர் இதற்கான இயந்திரத்தைச் செய்தார். ஹொனலுலு அயர்ன் ஒர்க்ஸ் தொழிற்சாலையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் இவருடையது.

பிரச்சினை அதே பிரச்சினைதான். பிசின் கூடைக்குள் சமமாக விழாது. ஒரு பக்கம் கனத்தால் கூடை ஆடும், தாங்கியிருக்கும் பேரிங் அடி வாங்கும், கட்டடமே அதிரும். அன்றைய பொறியாளர் யாராக இருந்தாலும் தண்டை இன்னும் தடிமனாக்கு, அடித்தளத்தை இன்னும் பலமாக்கு என்றுதான் யோசிப்பார்.

வெஸ்டன் 1860களில் கொண்டுவந்த வடிவத்தில் கூடை மேலிருந்து தொங்குகிறது. தண்டின் மேல்முனையை இறுக்கமாகப் பிடிக்காமல், கொஞ்சம் வளைந்து கொடுக்கிற ரப்பர் மாதிரியான தாங்கியில் விட்டார். கூடை ஊசலாடலாம். ஒரு பக்கம் கனமாக இருந்தால், தான் சுற்ற வேண்டிய மையத்தை அதுவே தேடிக்கொள்ளும்.

சுழலும் பொருளுக்கு இரண்டு மையங்கள் உண்டு. ஒன்று நாம் தண்டு பொருத்திய வடிவ மையம். மற்றொன்று எடையின் மையம். துணி சமமாகப் பரவாவிட்டால் இரண்டும் ஒரே இடத்தில் இருக்காது. வடிவ மையத்தில்தான் சுற்ற வேண்டும் என்று நாம் கட்டாயப்படுத்தும்போதுதான் 200 கிலோ விசை பிறக்கிறது. கட்டாயப்படுத்தாமல் விட்டால் பொருள் தன் எடை மையத்தில் சுற்றும். அப்புறம் சண்டையே இல்லை.

நம் ஊர் சர்க்கரை ஆலைகளுக்குள் போயிருந்தால் வரிசையாக நிற்கும் சென்ட்ரிஃப்யூகல்களைப் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து தொங்கும் அந்தக் கூடைகள் வெஸ்டன் வழி வந்தவை.

ராங்கின் சொன்னார், முடியாது என்று

வெஸ்டன் செய்ததற்கு அப்போது கணக்கு கிடையாது. கணக்குப் போட வந்தவர் சாதாரண ஆள் இல்லை: கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ராங்கின். வெப்ப இயக்கவியல் படித்தவர்களுக்கு ராங்கின் சுழற்சி ஞாபகம் இருக்கும், அதே ராங்கின்தான். 1869-ல் சுழலும் தண்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு குறிப்பிட்ட வேகம் இருக்கிறது, அதை நெருங்கினால் தண்டு வளைந்து வெளியே ஓடும், அதற்கு மேல் வேகத்தில் நிலையாக ஓட்டவே முடியாது என்பது அவர் முடிவு.

முதல் பாதி சரி. அப்படி ஒரு வேகம் இருக்கிறது. 1894-ல் ஸ்டான்லி டங்கர்லி இதைப் பற்றி விரிவாக எழுதினார். இன்று அதை 'கிரிட்டிகல் ஸ்பீட்' என்கிறோம், தமிழில் மாறுநிலை வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஊஞ்சலை அதன் தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும் இல்லையா, அதுதான்.

இரண்டாம் பாதி தப்பு. சுழலும் சட்டகத்தில் நின்று கணக்குப் போடும்போது சேர்க்க வேண்டிய கோரியாலிஸ் விசையை ராங்கின் விட்டுவிட்டார். அதனால் மாறுநிலை வேகத்துக்கு அப்பால் இருக்கும் அமைதியான பிரதேசம் அவர் சமன்பாட்டில் தெரியவே இல்லை. அவர் பெயருக்கு இருந்த மரியாதையால் பல காலம் இதுவே பாடமாக இருந்தது. மாறுநிலை வேகத்துக்குக் கீழேயே ஓட்டு, முடிந்தவரை தண்டைத் தடிமனாக்கு.

இதை உடைத்தவர் ஸ்வீடனின் குஸ்தாவ் டி லாவல். பாலிலிருந்து கிரீமைப் பிரிக்கும் இயந்திரத்தை 1878-ல் செய்தவர். அதைச் சுற்ற வேகமான ஓர் இயந்திரம் தேவைப்பட்டதால் நீராவி டர்பைனில் இறங்கினார். அது நிமிஷத்துக்கு 30,000 சுற்று வரை போனது. அந்த வேகத்தில் எடையில் துளி வித்தியாசம் இருந்தாலும் தடிமனான தண்டு தாங்காது. 1889 வாக்கில் அவர் செய்தது அன்றைய பாடத்துக்கு முற்றிலும் எதிரானது. தண்டை மெல்லியதாக, வளைந்து கொடுப்பதாகச் செய்தார். அப்போது மாறுநிலை வேகம் வெகு கீழே இறங்கிவிடுகிறது. அதை ஒரு நொடியில் ஆடிக்கொண்டே தாண்டிவிட்டால், அதற்கு மேலே சக்கரம் தன் எடை மையத்தைக் கண்டுபிடித்து அமைதியாக ஓடுகிறது.

கோட்பாடு பிறகுதான் வந்தது. 1895-ல் ஜெர்மனியின் ஆகஸ்ட் ஃபோப்பல் டி லாவலின் டர்பைன் ஏன் ஓடுகிறது என்று கணக்கோடு காட்டினார். ஆனால் ஆங்கிலத்தில் வேலை செய்தவர்களிடம் குழப்பம் நீடித்தது. 1919-ல் ஹென்றி ஜெஃப்காட் ஃபிலசாஃபிகல் மேகசின் இதழில் எழுதிய கட்டுரைதான் அதைத் தீர்த்தது. இன்றும் மெக்கானிக்கல் மாணவர்கள் ஜெஃப்காட் ரோட்டார் என்ற பெயரில் படிப்பது இதைத்தான். ராங்கினிலிருந்து ஜெஃப்காட் வரை சரியாக 50 வருஷம்.

ஒரு பூட்டும் ரப்பர் பேண்டும்

இதை வீட்டிலேயே பார்க்கலாம். நாலைந்து ரப்பர் பேண்டைக் கோர்த்து, நுனியில் ஒரு சின்னப் பூட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் பூட்டு கையோடு கூடவே வரும். கொஞ்சம் வேகமாக்கினால் ஒரு கட்டத்தில் பூட்டு தாறுமாறாகக் குதிக்கும். பயப்படாமல் இன்னும் வேகமாக அசையுங்கள். பூட்டு கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். உற்றுப் பார்த்தால், கை மேலே போகும்போது பூட்டு லேசாகக் கீழே போகும்.

வாஷிங் மெஷினில் நடப்பதும் இந்த மூன்று நிலைகள்தான். மெதுவான சுற்றில் கனமான பக்கம் வெளிப்பக்கமாகச் சாயும். மாறுநிலை வேகத்தில் எல்லாம் குதிக்கும். அதைத் தாண்டினால் அப்படியே தலைகீழாக மாறி, கனமான பக்கம் உள்ளே வந்துவிடும், டிரம் எடை மையத்தைச் சுற்றிச் சுழலும். இந்தத் தலைகீழ் மாற்றத்தைத்தான் ராங்கினின் சமன்பாடு தவறவிட்டது.

போல்டுக்குப் பதில் ஸ்பிரிங்

மறுபடி 1937-க்கு வருவோம். பெண்டிக்ஸ் மெஷினில் டிரம்மும் அதைச் சுற்றியிருக்கும் டப்பும் உடம்போடு இறுக்கமாக இணைந்திருந்தன. சஸ்பென்ஷன் கிடையாது. சர்க்கரை ஆலையில் எழுபது வருஷமாகத் தெரிந்த விஷயம் வீட்டு மெஷினில் இல்லை!

ஃப்ரண்ட் லோடில் ஒரு நிஜமான சிக்கல் இருப்பதும் உண்மை. டப் ஆட வேண்டும், வெளிப்பெட்டியும் கதவும் ஆடக் கூடாது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவே தண்ணீர் ஒழுகாமல் வளைந்து கொடுக்க ஏதாவது வேண்டும். இன்றைய மெஷினில் கதவைத் திறந்தால் தெரியும் அந்தச் சாம்பல் நிற ரப்பர் மடிப்பு (சில்லறைக் காசும் ஒற்றைச் சாக்ஸும் மாட்டிக்கொள்ளும் இடம்) அதற்காகத்தான் இருக்கிறது.

இன்றைய ஃப்ரண்ட் லோடைப் பிரித்துப் பார்த்தால் டப் மேலே இரண்டு ஸ்பிரிங்கில் தொங்கும், கீழே இரண்டு மூன்று ஷாக் அப்சார்பர் இருக்கும். டாப் லோடில் நாலு மூலையிலிருந்து நாலு சஸ்பென்ஷன் ராட் டப்பைத் தொங்கவிட்டிருக்கும். வெஸ்டனின் தொங்கும் கூடைதான், அளவு மட்டும் சின்னது.

கணக்கு என்ன ஆகிறது பாருங்கள். தொங்குகிற மொத்த எடை 60 கிலோ, ஸ்பிரிங்கின் தாளம் விநாடிக்கு 3 ஆட்டம், அதாவது 180 சுற்று வேகத்தில் மாறுநிலை என்று வைப்போம். 1200 சுற்றில் டப் எவ்வளவு ஆடும்? அரை கிலோ × 25 செ.மீ. ÷ 60 கிலோ. சுமார் 2 மில்லிமீட்டர். அந்த 2 மில்லிமீட்டர் ஆட்டத்தால் ஸ்பிரிங் வழியே பெட்டிக்குப் போகும் விசை 5 கிலோவுக்கும் குறைவு. ஷாக் அப்சார்பர் வழியே இன்னும் கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.

200 கிலோ எங்கே, 5 கிலோ எங்கே! போல்ட் தேவைப்படாமல் போன ரகசியம் இந்த ஒரு வரிக் கணக்கில் இருக்கிறது.

ஃப்ரண்ட் லோடின் டப்பில் இருபது கிலோ அளவுக்குக் கான்கிரீட் கட்டி வைத்திருப்பதும் இதற்காகத்தான். "மெஷின் நகராம இருக்க வெயிட் வச்சிருக்காங்க" என்பார்கள். அது மட்டும் காரணம் என்றால் வெளிப்பெட்டியின் அடியில் வைத்திருக்கலாம். ஆடுகிற டப்பின் மேலேயே வைப்பது, மேலே உள்ள வகுத்தலில் கீழே இருக்கும் 60-ஐப் பெரிசாக்க. அந்தக் கான்கிரீட் இல்லாமல் 40 கிலோ என்றால் ஆட்டம் 3 மில்லிமீட்டருக்கு மேல் போகும். 2017-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தில், இந்தக் கான்கிரீட்டுக்குப் பதில் காலி பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, வீட்டுக்கு வந்த பிறகு தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை சொன்னார்கள். லாரியில் கான்கிரீட்டைத் தூக்கிக்கொண்டு அலைவது மிச்சம்.

உப்புத் தண்ணீர் வளையம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. டாப் லோட் மெஷினின் கூடை விளிம்பில் தடிமனாக ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். மெஷினை அணைத்துவிட்டு கூடையைக் கையால் ஆட்டினால் உள்ளே 'களக் களக்' என்று சத்தம் கேட்கும். "தண்ணி உள்ள போயிடுச்சு"ன்னு சிலர் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். போகவில்லை, அதை அங்கே வைத்தே அனுப்புகிறார்கள். உப்புக் கரைசல், வளையத்தில் பாதி அளவுக்கு.

மாறுநிலை வேகத்துக்கு மேலே கனமான பக்கம் உள்ளே போய்விடுகிறது என்று பார்த்தோம். அப்போது சுழலும் அச்சிலிருந்து தள்ளி இருப்பது லேசான பக்கம். வளையத்துக்குள் இருக்கும் திரவம் எப்போதும் அச்சிலிருந்து அதிக தூரத்துக்கு ஓடும். ஆக, யாரும் சொல்லாமலே அது லேசான பக்கம் போய்ச் சேர்ந்து தராசைச் சமன் செய்துவிடுகிறது. சென்சார் இல்லை, மோட்டார் இல்லை, ஒரு வரி கோடும் இல்லை.

பிரெஞ்சுப் பொறியாளர் மோரிஸ் லெப்லான் 1916-ல் இந்தத் தத்துவத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். திரவத்துக்குப் பதில் உருளும் குண்டுகளை வைக்கும் வடிவத்தை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் எர்னஸ்ட் தியர்ல் 1930களில் உருவாக்கினார். குண்டு வைத்த வளையங்கள் சில மெஷின்களில் இன்றும் வருகின்றன.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. மாறுநிலை வேகத்துக்குக் கீழே கனமான பக்கம்தான் வெளியே இருக்கிறது. அப்போது திரவமும் அங்கேயே ஓடி, கனத்தை இன்னும் கூட்டிவிடும். கீழே எதிரி, மேலே நண்பன். அதனால் அந்த 150-லிருந்து 250 சுற்று வரையிலான வாசலை எப்படியாவது சேதமில்லாமல் தாண்டுவதுதான் முழு விளையாட்டும்.

வாசலில் நிற்கும் காவலாளி

இங்கேதான் என் தொழில் உள்ளே வருகிறது. பிழிவதற்கு முன் ஃப்ரண்ட் லோட் மெஷின் ஒரு காரியம் செய்யும். டிரம்மை நிமிஷத்துக்கு 90 சுற்று போல ஓட்டும். 25 செ.மீ. ஆரத்துக்கு 60 சுற்றிலேயே மையவிலக்கு முடுக்கம் புவியீர்ப்புக்குச் சமமாகிவிடும். அதனால் 90-ல் துணி உருளாமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட பிறகு, ஒரு பக்கம் கனம் இருந்தால் அந்தப் பக்கம் மேலே ஏறும்போது மோட்டார் திணறும், கீழே இறங்கும்போது துள்ளும். ஒரு சுற்றுக்கு ஒரு முறை வரும் இந்த ஏற்ற இறக்கத்தை அளந்தால், எத்தனை கிராம் ஏற்றத்தாழ்வு என்று மென்பொருள் கணித்துவிடும்.

அளவு மீறியிருந்தால் வாசலைத் தாண்ட அனுமதி கிடையாது. நிறுத்தும், முன்னும் பின்னும் உருட்டித் துணியைக் கலைக்கும், மறுபடி அளக்கும். டிஸ்பிளேயில் மீதி நேரம் ஒரே எண்ணில் பத்து நிமிஷம் நின்று கடுப்பேற்றுவது இந்தக் கட்டத்தில்தான். பல முறை பார்த்துவிட்டுக் கடைசியில் ஏதாவது ஓர் எரர் கோட் காட்டிவிட்டு, சொட்டச் சொட்ட ஈரத்தோடு துணியைத் திருப்பித் தரும். மெஷின் கெட்டுப்போகவில்லை. அந்தச் சுமையோடு வாசலைத் தாண்டினால் ஆபத்து என்று முடிவெடுத்திருக்கிறது.

இந்தக் காவலாளிக்கும் கண் தெரியாத இடம் உண்டு. டிரம்மின் முன்பக்கம் மேலே ஒரு கனம், பின்பக்கம் கீழே அதே அளவு கனம் என்றால் மோட்டாருக்கு எல்லாம் சமமாகத்தான் தெரியும். ஆனால் வேகம் ஏறியதும் டிரம் முன்னும் பின்னும் எதிரெதிர் திசையில் உதறும். டாப் லோடில் இன்னொரு சங்கடம்: கூடை படுக்கை வாட்டத்தில் சுற்றுவதால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அதனால் அங்கே வேறு வழி. டப் ரொம்ப ஆடினால் இடித்து நிறுத்தும் ஒரு நெம்புகோல் சுவிட்ச், புதிய மாடல்களில் அதிர்வு சென்சார்.

காவலாளி தவறவிட்டால்

2016 நவம்பரில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சாம்சங்கின் 34 டாப் லோட் மாடல்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுமார் 28 லட்சம் மெஷின்கள். 2011 மார்ச்சிலிருந்து விற்றவை. மெஷினின் மேல்மூடிப் பகுதி ஓடும்போதே பெயர்ந்து வரலாம் என்பது குற்றச்சாட்டு. அதிக அதிர்வு அல்லது மூடி பெயர்தல் பற்றி 733 புகார்கள், 9 பேருக்குக் காயம். அதில் ஒருவருக்குத் தாடை உடைந்தது.

அதற்குக் கொஞ்சம் முன்பு வந்த எச்சரிக்கையில் இருந்த அறிவுரையைக் கவனிக்க வேண்டும். படுக்கை விரிப்புகள், தண்ணீர் புகாத துணிகள், பருமனான துணிகளைக் குறைந்த வேகத்தில் மட்டும் பிழியச் சொன்னார்கள்.

தண்ணீர் புகாத துணி ஏன் என்பதற்கு இயற்பியல் எளிது. ரெயின்கோட், மெத்தை மேல் போடும் பிளாஸ்டிக் பூச்சு விரிப்பு போன்றவை பை மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டிரம் ஓட்டை வழியே அது வெளியேறாது. தொடக்கத்தில் சமமாக இருந்து காவலாளியைத் தாண்டிவிடும். வேகம் ஏறிய பிறகு ஒரு மூலையில் மட்டும் பை திறந்து இரண்டு லிட்டர் ஓடிவிட்டால், ஒரே நொடியில் இரண்டு கிலோ ஏற்றத்தாழ்வு. 1200 சுற்றில் அது 800 கிலோ விசை. எந்த ஸ்பிரிங்கும் இதற்குத் தயாராக இருக்காது.

அப்ப வீட்டுல என்ன செய்றது?

இந்த வரலாற்றிலிருந்து ஒரே ஒரு விதியை எடுத்துக்கொள்ளலாம். வெளிப்பெட்டி ஆடக் கூடாது, டப் ஆடியே ஆக வேண்டும். எந்த வைத்தியத்தையும் இந்த இரண்டோடு உரசிப் பாருங்கள்.

புது மெஷின் முதல் நாளே பேயாட்டம் போட்டால் பின்பக்கம் டிரான்சிட் போல்ட் கழற்றப்பட்டதா என்று பாருங்கள். லாரியில் டப் ஆடாமல் இருக்க மூன்று நாலு போல்ட் போட்டுப் பெட்டியோடு இறுக்கியிருப்பார்கள். அதோடு ஓட்டினால் உங்கள் மெஷின் 1937-க்குப் போய்விடும், தரை போல்டும் இல்லாமல். கழற்றியதை எறிந்துவிடாதீர்கள், வீடு மாறும்போது வேண்டும்.

பழைய மெஷின் என்றால் முதலில் காலி டிரம்மை மட்டும் பிழிய விடுங்கள். செலவில்லாத பரிசோதனை. காலியாக அமைதியாக ஓடினால் மெஷினில் பெரிய குறை எதுவும் இல்லை, பிரச்சினை துணி போடும் முறையில். காலியாகவே ஆடினால் கால், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பேரிங் என்று தேட வேண்டும். மெக்கானிக்குக்குப் போன் பண்ணும் முன் இதைச் செய்தால், அவர் சொல்லும் உதிரி பாகம் உண்மையிலேயே தேவையா என்று கேட்க உங்களுக்கு ஓர் ஆதாரம் இருக்கும்.

கால்களைப் பார்க்க, மேல்பலகையின் எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அமுக்குங்கள். துளி ஆடினாலும் ஏதோ ஒரு கால் தரையைத் தொடவில்லை. ரசமட்டம் வைத்துச் சரிசெய்து, காலில் இருக்கும் லாக் நட்டை இறுக்குங்கள். பல பேர் நட்டை விட்டுவிடுகிறார்கள், ஒரே மாதத்தில் கால் மறுபடி இறங்கிவிடும். சக்கரம் வைத்த ஸ்டாண்ட் பெருக்கித் துடைக்க வசதிதான், ஆனால் பெட்டி ஆடக் கூடாது என்ற விதிக்கு அது எதிரி. மெஷின் தலையில் அம்மிக்கல் ஏற்றுவதும் வீண். கனம் சேர வேண்டிய இடம் டப், வெளிப்பெட்டி இல்லை.

ஷாக் அப்சார்பரைப் பார்க்க பிளக்கைப் பிடுங்கிவிட்டு டப்பைக் கையால் கீழே அமுக்கி விடுங்கள். ஒரு தடவை ஏறி இறங்கி நின்றுவிட வேண்டும். ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் அது போய்விட்டது. அதன் வேலையே வாசலைத் தாண்டும்போது குதிப்பை அடக்குவதுதான்.

துணி விஷயத்தில் ஒற்றைத் துணி மிகவும் மோசம். ஒரே ஒரு ஜமக்காளம், ஒரே ஒரு மிதியடி, ஒரே ஒரு ஜீன்ஸ் எல்லாம் ஒரு பக்கம் ஒட்டினால் எதிர்ப்பக்கம் ஈடு கொடுக்க ஆளே இருக்காது. கூட இரண்டு மூன்று துண்டு போடுங்கள். பெரிய போர்வையோடு சின்னத் துணிகளைப் போட்டால் போர்வை எல்லாவற்றையும் உள்ளே சுருட்டி ஒரு பந்தாக்கிவிடும், அதனால் போர்வையோடு போர்வைதான் சரி. டிரம்மை அடைத்துத் திணித்தால் துணி கலைவதற்கு இடமே இருக்காது. தண்ணீர் புகாத எதையும் பிழியவே வேண்டாம், கொடியில் தொங்கட்டும்.

செமி ஆட்டோமேட்டிக்கில் காவலாளி கிடையாது, நீங்கள்தான் காவலாளி. டிரையரில் கனமானதை அடியில் போட்டு, சுற்றிலும் சமமாக அமுக்கி, கூட வரும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் தட்டை மேலே வைத்து அழுத்துங்கள். முதல் சில நொடிகள் இடித்துவிட்டு அமைதியானால் வாசலைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். இடி நிற்கவே இல்லை என்றால் உடனே நிறுத்தித் துணியைக் கலைத்துப் போடுங்கள். தொடர்ந்து இடிக்கவிட்டால் அடி வாங்குவது பேரிங்.

அடுத்த தடவை உங்கள் மெஷின் பிழிய ஆரம்பிக்கும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள். மெதுவான உருட்டல், ஒரு சின்னத் தயக்கம், பிறகு இரண்டு மூன்று நொடிக்கு ஒரு குலுக்கல், அதன்பின் சீரான ரீங்காரம். அந்தக் குலுக்கலுக்கும் ரீங்காரத்துக்கும் நடுவே இருக்கும் கோட்டைத் தாண்டவே முடியாது என்றுதான் ராங்கின் எழுதினார்.